ரோல் பார் இல்லாத புல்வெட்டும் வண்டி கவிழ்ந்தது: தயாரிப்பாளரைக் கேட்க முடியுமா?

மாத்தூர் தோட்டக்காரன் (கேள்வி)

வணக்கம். மணலிப் பக்கத்துத் தொழிற்சாலை வளாகங்களில் புல்வெளியும் மரமும் பராமரிக்கிற சிறிய ஒப்பந்தக்காரன் நான். வீடு மாத்தூரில். நானும் உதவிக்கு இரண்டு பேரும்தான். பெரிய ஆலைகளுக்குச் சுற்றுச்சூழல் அனுமதி கொடுக்கும்போது நிலத்தில் மூன்றில் ஒரு பங்கைப் பசுமையாக வைத்திருக்க வேண்டும் என்று பெரும்பாலும் நிபந்தனை போடுவார்கள். அந்தப் பசுமையில்தான் எங்கள் பிழைப்பு.

போன வருடம் ஆடி மாதத்தில் ரைடிங் மோவர் ஒன்று வாங்கினேன். உட்கார்ந்து ஓட்டும் வண்டி. ஸ்டியரிங் கிடையாது, இரண்டு கைப்பிடிகள், நின்ற இடத்திலேயே திரும்பும். வெளிநாட்டுத் தயாரிப்பு, சென்னை டீலர் ஒருவர் மூலம் வந்தது. விலை 4,80,000 ரூபாய். மனைவியின் நகை பாதி, கடன் பாதி. தோளில் பிரஷ் கட்டரை மாட்டிக்கொண்டு மூன்று பேர் இரண்டு நாள் வெட்டும் புல்லை அந்த வண்டி அரை நாளில் வெட்டிவிடும்.

கார்த்திகையில், நான்கு நாள் மழை விட்ட மறுநாள் காலை. ஒரு வளாகத்தில் மழைநீர் தேக்கும் குளம் இருக்கிறது. அதன் கரை முழுவதும் புல். என்னிடம் வேலை செய்யும் 26 வயதுத் தம்பி கரையின் சரிவில் குறுக்காக ஓட்டிக்கொண்டு போனான். கீழ்ப்பக்கச் சக்கரம் பெருச்சாளி வளையில் இறங்கியது. நான் முப்பது அடி தூரத்தில் குப்பைக் கூடையோடு நின்றேன். "டேய்" என்று கத்துவதற்குள் வண்டி அவனோடு புரண்டு குளத்தின் ஓரச் சேற்றில் விழுந்துவிட்டது. அவன் இடுப்பின் மேல் வண்டி. தண்ணீர் அவன் மோவாய் வரை. நான் அவன் தலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டேன். காவலாளியும் இன்னொரு தம்பியும் சவுக்குக் கம்பை நெம்புகோலாகக் கொடுத்து வண்டியைத் தூக்க முயன்றார்கள். கேன்டீன் ஆட்கள் ஓடி வந்த பிறகுதான் தூக்க முடிந்தது. இடுப்பெலும்பு இரண்டு இடத்தில் முறிவு, வலது தொடையெலும்பு முறிவு. அரசு மருத்துவமனையில் அறுவை சிகிச்சை நடந்தது. நான்கு மாதம் ஆகிறது, இன்னும் ஊன்றுகோலோடுதான் நடக்கிறான். சேறாக இருந்ததால் பிழைத்தான். கட்டாந்தரையாக இருந்திருந்தால் என்ற நினைப்பு வரும்போது நான் எழுந்து வெளியே போய்விடுவேன்.

இப்போது என்னை அரிக்கிற விஷயத்துக்கு வருகிறேன். டீலர் கொடுத்த கொட்டேஷன் இன்னும் என் பீரோவில் இருக்கிறது. அதில் ஏழாவது வரி: "மடக்கும் ரோல் பார், சீட் பெல்ட்டுடன், விருப்பப்பட்டால் மட்டும், ரூ. 46,000." இருக்கைக்குப் பின்னால் நிற்கும் வளைவுக் கம்பி அது. வண்டி கவிழ்ந்தாலும் முழுவதும் புரண்டு ஆளை நசுக்காமல் தடுக்கும். விலையைக் குறைக்கச் சொன்னபோது டீலரின் ஆள் முதலில் அந்த வரியைத்தான் காட்டினார். "மரக்கிளையில் இடிக்கும், உங்களுக்குத் தேவைப்படாது" என்றார். குளக்கரையும் இருக்கிறது என்று நான் வாட்ஸ்அப்பில் படத்தோடு கேட்டேன். "உங்கள் வேலைக்கு இந்த வண்டியே போதும்" என்று பதில் வந்தது. நான் பேனாவை எடுத்து ஏழாவது வரியை அடித்தேன். அந்தக் கோடு என் கைக்கோடு.

ஆனால் அந்த வண்டியில் உட்கார்ந்தது நான் இல்லையே. 46,000 மிச்சப்படுத்தியது ஒருவன், இடுப்பு முறிந்தது இன்னொருவனுக்கு. உயிரைக் காக்கும் கம்பியைக் கொட்டேஷனில் ஒரு வரியாகப் போட்டு, அடிக்கவும் இடம் கொடுத்து விற்கலாமா? தயாரிப்பாளர் மீதோ டீலர் மீதோ வழக்குப் போட முடியுமா? நான் அடித்த கோடு அந்தத் தம்பியின் உரிமையையும் சேர்த்து அடித்துவிட்டதா?

இன்னொன்று. ஒப்பந்தம் நடந்துகொண்டிருக்கிறது. மணலி சாலையில் தெரிந்த வெல்டிங் பட்டறையில் ஜி.ஐ. குழாயை வளைத்து ஒரு கம்பி பற்றவைத்துத் தருவதாகச் சொல்கிறார்கள். செய்துகொள்ளலாமா?

செங்குன்றம் டிராக்டர் மெக்கானிக்

தம்பி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். வேண்டாம். அந்தப் பட்டறைக்குப் போகவே போகாதீர்கள். முப்பத்தைந்து வருடம் பொன்னேரி, செங்குன்றம் பக்கம் டிராக்டர் வேலை பார்த்தவன் சொல்கிறேன்.

ரோல் பார் என்பது வெறும் குழாய் இல்லை. வண்டியின் எடைக்கு ஏற்ற பலத்தோடு பக்கவாட்டிலும் பின்னாலிருந்தும் மேலிருந்தும் அழுத்திப் பார்த்து, எவ்வளவு வளைகிறது, வளைந்த பிறகும் ஆள் உட்காரும் இடம் மிஞ்சுகிறதா என்று சோதித்துத்தான் சான்று கொடுப்பார்கள். கம்பி மட்டும் தாங்கினால் போதாது. அது பிடிக்கப்பட்டிருக்கும் சட்டமும் போல்ட்டும் சேர்ந்து தாங்க வேண்டும். தண்ணீர்க் குழாயைப் பற்றவைத்தால் விழுகிற வேகத்தில் பற்றவைத்த இடமே விட்டுப்போகும். விட்டுப்போன குழாய் ஓட்டுபவர் முதுகுக்கு ஈட்டி. அசல் ரோல் பாரிலும் துளை போடக் கூடாது, பற்றவைக்கக் கூடாது, ஒருமுறை கவிழ்ந்து வளைந்துவிட்டால் நிமிர்த்தி மாட்டக் கூடாது. மாற்றத்தான் வேண்டும்.

பெல்ட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில்தான் நிறையப் பேர் தவறு செய்கிறார்கள். கம்பி நிமிர்ந்திருந்தால் பெல்ட் கட்டாயம். கட்டாவிட்டால் ஆள் தூக்கி எறியப்பட்டு அந்தக் கம்பிக்கு அடியிலேயே போய் விழுவார். கம்பி இல்லாத வண்டியிலும், கம்பியை மடக்கி வைத்திருக்கும்போதும் பெல்ட் கட்டவே கூடாது. கட்டினால் வண்டியோடு சேர்த்து அவரைக் கட்டிப்போட்டது போல் ஆகும். கிளை இடிக்கிறது என்று கம்பியை மடக்கினால் அந்தக் கிளையைத் தாண்டியதும் நிமிர்த்த வேண்டும். மடக்கியபடியே மாதக்கணக்கில் ஓட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சரிவைக் கண்ணால் மதிப்பிடாதீர்கள், கண் ஏமாற்றும். ஒரு மீட்டர் நீளப் பலகை எடுங்கள். ஒரு முனையைச் சரிவின் மேல்பக்கம் வைத்து, மேலே ரசமட்டம் வைத்து, பலகையை மட்டமாகப் பிடியுங்கள். மறுமுனைக்கும் தரைக்கும் உள்ள இடைவெளியை அளவுநாடாவால் அளந்து பாருங்கள். 27 சென்டிமீட்டர் வந்தால் 15 டிகிரி. பெரும்பாலான ரைடிங் மோவர் கையேடுகளில் எல்லை அதுதான். உங்கள் மாதிரி இரட்டைக் கைப்பிடி வண்டிகள் சிலவற்றுக்கு 10 டிகிரி என்றே போட்டிருப்பார்கள், அதாவது 17, 18 சென்டிமீட்டர். அதுவும் காய்ந்த புல்லுக்கு. ஈரப் புல்லில் பின்சக்கரம் வழுக்கினால் அந்த வண்டியில் திருப்பவும் முடியாது, நிறுத்தவும் முடியாது. திருப்புவதும் நிறுத்துவதும் பின்சக்கரத்தால்தான், முன்சக்கரம் தள்ளுவண்டிச் சக்கரம் போல் சும்மா சுழலும். பெருச்சாளி வளை கணக்கை இன்னும் கெடுக்கும். நீர்நிலை ஓரத்தில் ரோல் பார் இருந்தாலும் ஓட்டாதீர்கள். கம்பி நசுங்காமல் காப்பாற்றும், மூழ்காமல் காப்பாற்றாது.

அந்தத் தம்பி நடக்கத் தொடங்கியிருப்பது மனத்துக்கு ஆறுதல்.

வியாசர்பாடி வழக்கறிஞர்

ஐயா, வண்டியைப் பழுதுபார்க்காதீர்கள், கழுவக்கூட வேண்டாம். அதுதான் உங்கள் முதல் சாட்சி. கொட்டேஷன், பில், வாட்ஸ்அப் உரையாடல், கையேடு, வண்டியில் ஒட்டியுள்ள எச்சரிக்கைப் படங்கள், கரை, வளை எல்லாவற்றையும் படம் எடுத்துத் தேதியோடு வையுங்கள்.

2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் பொருள் பொறுப்பு என்று ஓர் அத்தியாயமே இருக்கிறது. 2020 ஜூலையிலிருந்து நடைமுறையில் உள்ளது. அதன் 84-ஆவது பிரிவு தயாரிப்பாளரைப் பற்றியது. தயாரிப்பில் குறை, வடிவமைப்பில் குறை, போதிய வழிமுறையோ எச்சரிக்கையோ தராதது ஆகியவற்றால் உடலுக்குத் தீங்கு நேர்ந்தால் அவர் பொறுப்பு. உங்கள் வழக்கு வடிவமைப்புக் குறையில்தான் நிற்க வேண்டும். ஏன் என்று சொல்கிறேன்.

எச்சரிக்கை போதவில்லை என்ற வாதத்துக்கு 87-ஆவது பிரிவில் ஒரு தடை இருக்கிறது. பணியிடத்தில் பயன்படுத்துவதற்காக முதலாளி வாங்கிய பொருளாக இருந்து, அந்த முதலாளியிடம் தயாரிப்பாளர் எச்சரிக்கையைக் கொடுத்திருந்தால், எச்சரிக்கைக் குறைவுக்காகத் தயாரிப்பாளரைப் பிடிக்க முடியாது. கையேடு உங்கள் கைக்கு வந்திருக்கிறது. ஓட்டிய தம்பிக்கு அது போய்ச் சேர்ந்ததா என்ற கேள்வி உங்களை நோக்கித் திரும்பும். இதைச் சொல்ல எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது, ஆனால் மறைத்தால் பிறகு நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு சொல்லும்.

டீலர் மீது வழி இருக்கிறது. 86-ஆவது பிரிவின்படி, தயாரிப்பாளரிடமிருந்து தனியாக விற்பனையாளர் தாமே உறுதிமொழி கொடுத்து, அது பொய்த்துத் தீங்கு நேர்ந்தால் அவர் பொறுப்பு. குளக்கரைப் படத்தைப் பார்த்துவிட்டு "இந்த வண்டியே போதும்" என்றது அப்படி ஓர் உறுதிமொழி என்று வாதிடலாம். தயாரிப்பாளர் வெளிநாட்டில் இருந்து, இங்குள்ள சட்டத்துக்கு உட்படாதவராக இருந்தாலும் அதே பிரிவு விற்பனையாளரைப் பிடிக்கும். பட்டறை வேண்டாம் என்று மெக்கானிக் ஐயா சொன்னதற்கு நான் இன்னொரு காரணம் தருகிறேன். தீங்கு நேர்ந்தபோது பொருள் மாற்றியமைக்கப்பட்டிருந்தால் விற்பனையாளர் மீது பொருள் பொறுப்பு வழக்கே தொடர முடியாது. இனிமேல் நடக்கக்கூடிய எதற்கும் அவர் கை கழுவ நீங்களே வழி செய்து கொடுத்ததாகிவிடும்.

வணிக நோக்கத்துக்கு வாங்கியவர் நுகர்வோரே இல்லை என்று முதல் ஆட்சேபணை கிளம்பும். அதற்கு 1995-இல் லட்சுமி இன்ஜினியரிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதைக் காட்டலாம்: பிழைப்புக்காகச் சுயதொழில் செய்கிறவர் ஓரிருவரை உதவிக்கு வைத்துக்கொண்டாலும் நுகர்வோர் நிலையை இழப்பதில்லை. நீங்களும் அந்த வண்டியை ஓட்டுவீர்கள் என்றால் அதற்கும் சான்று சேருங்கள். வாங்கியவரின் ஒப்புதலோடு பயன்படுத்துகிறவரும் சட்டத்தின்படி நுகர்வோர்தான். ஆகவே புகார்தாரராகத் தம்பி பெயர் முதலில் வரட்டும். விபத்து நாளிலிருந்து இரண்டு ஆண்டு அவகாசம். விலை ஐந்து லட்சத்துக்குள் இருப்பதால் புகார்க் கட்டணம் இல்லை. வட சென்னை மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே கொடுக்கலாம்.

ஒன்று மட்டும் இவை எதற்கும் காத்திருக்கக் கூடாது. வேலையின்போது ஏற்பட்ட காயத்துக்கு, தவறு யாருடையதாக இருந்தாலும், முதலாளி இழப்பீடு தர வேண்டும். 1923-ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்தே நிலை அதுதான். தம்பிக்கு இ.எஸ்.ஐ. பதிவு இருக்கிறதா?

மாத்தூர் தோட்டக்காரன்

இருவருக்கும் நன்றி ஐயா. பட்டறைக்காரரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வண்டி தார்ப்பாய்க்கு அடியில், சேறு காய்ந்தபடியே நிற்கிறது.

இ.எஸ்.ஐ. பதிவு இல்லை. மூன்று பேர் வேலைக்கு யார் பதிவார்கள் என்று இருந்துவிட்டேன். மருத்துவமனைச் செலவும், நான்கு மாதச் சம்பளமும் கொடுத்து வருகிறேன். இழப்பீடு என்று முறையாகக் கணக்குப் போட்டு எழுதிக் கொடுக்கவில்லை. அதைச் செய்கிறேன்.

எச்சரிக்கை பற்றிச் சொன்னீர்கள். கையேடு ஆங்கிலத்தில் 60 பக்கம். நான் பத்தாவது வரை படித்தவன், படம் பார்த்தேன். தம்பிக்கு நான் காட்டியது பிரேக்கும், பிளேடு போடும் குமிழும், பெட்ரோல் ஊற்றும் இடமும்தான். ஒரு வண்டி சரிவில் சாய்கிற படம் மட்கார்டில் ஒட்டியிருக்கிறது. அதை இப்போதுதான் உட்கார்ந்து பார்த்தேன்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். அந்த வண்டியின் இருக்கைக்கு அடியில் ஒரு சுவிட்ச் இருக்கிறது. ஆள் எழுந்தாலோ விழுந்தாலோ பிளேடும் இன்ஜினும் நின்றுவிடும். தம்பி விழுந்தபோது அப்படித்தான் நின்றது. இல்லாவிட்டால் கால் போயிருக்கும். அந்த சுவிட்ச் கொட்டேஷனில் தனி வரியாக இல்லையே? வேண்டுமா வேண்டாமா என்று என்னை யாரும் கேட்கவில்லையே? வண்டியோடு வந்தது. பிளேடு ஆளை வெட்டும் என்று தெரிந்து வண்டிக்குள்ளேயே தடுப்பு வைத்தவர்களுக்கு, வண்டி ஆளை நசுக்கும் என்பதும் தெரியும். தெரிந்ததால்தானே கம்பியைச் செய்து வைத்திருக்கிறார்கள். அப்புறம் அதற்கு மட்டும் ஏன் தனி விலை?

பெரம்பூர்க்காரன், இப்போது அமெரிக்காவில்

அண்ணன், நான் இங்கே தோட்ட இயந்திரங்கள் விற்கும் கடை ஒன்றில் சர்வீஸ் பிரிவில் இருக்கிறேன். நீங்கள் கேட்ட கேள்வியை இங்கே நீதிமன்றங்களில் கேட்டிருக்கிறார்கள். விடை உங்களுக்கு வருத்தம் தரும்.

1999-இல் நியூயார்க் மாநிலத்தின் உயர்ந்த நீதிமன்றத்துக்கு ஒரு பள்ளிப் பேருந்து வழக்கு வந்தது. பணிமனைக்குள் பின்னால் வந்த பேருந்து அங்கே வேலை செய்த ஒருவர் மேல் மோதிவிட்டது. பின்னால் நகரும்போது ஒலிக்கும் எச்சரிக்கை மணியைத் தயாரிப்பாளர் தனி விலைக்குக் கொடுத்தார். அக்கம்பக்கத்தார் சத்தம் என்று புகார் சொன்னதால் வாங்கிய நிறுவனம் வேண்டாம் என்றது. வாங்குகிறவருக்குப் பொருளையும் அதன் ஆபத்தையும் நன்றாகத் தெரிந்திருந்து, அந்த சாதனம் இல்லாமலும் அந்தப் பொருளைப் பாதுகாப்பாகப் பயன்படுத்தக்கூடிய சூழல்கள் இருந்து, தம் வேலைக்கு அது தேவையா என்று எடைபோடும் இடத்தில் அவரே இருந்தால், தயாரிப்பாளர் பொறுப்பில்லை என்று நீதிமன்றம் சொன்னது. 2016-இல் இங்குள்ள மத்திய நீதிமன்றங்களில் ஒன்றான எட்டாவது சரக மேல்முறையீட்டு நீதிமன்றம் இதே தர்க்கத்தை ரைடிங் மோவருக்குப் பொருத்தியது. அயோவா மாநிலத்து வழக்கு. வண்டி கவிழ்ந்து ஒருவர் இறந்துபோனார். ரோல் பார் தனி விலைக்குக் கிடைத்தது, வண்டியில் போடப்படவில்லை. குடும்பம் தோற்றது.

அது இந்தியச் சட்டம் இல்லை, உங்கள் வழக்கைக் கட்டுப்படுத்தாது. அந்த மூன்று நிபந்தனைகளையும் உங்கள் கதையோடு வைத்துப் பாருங்கள். உங்களுக்கு ஆபத்து முழுவதும் தெரிந்திருந்ததா? சந்தேகப்பட்டு நீங்களே படம் அனுப்பிக் கேட்டீர்கள், தேவையில்லை என்றது அவர்கள். எடைபோட்டது நீங்கள் இல்லை, டீலர். நான் வழக்கறிஞன் இல்லை, ஆனால் எனக்கு அந்த வாட்ஸ்அப் செய்தி கொட்டேஷனை விடப் பெரியதாகத் தெரிகிறது.

தனி விலை ஏன் என்று கேட்டீர்கள். சட்டம் கட்டாயப்படுத்தாத இடத்தில் விலைதான் முடிவு செய்கிறது. சுவீடனில் 1959-லேயே புதிய டிராக்டர் எல்லாவற்றுக்கும் ரோல் பாரைக் கட்டாயம் ஆக்கினார்கள். டிராக்டர் கவிழ்ந்து சாகிறவர்கள் அங்கே மிகவும் குறைந்துபோனார்கள். அமெரிக்காவில் கூலியாட்கள் ஓட்டும் பண்ணை டிராக்டர்களுக்கு 1976 அக்டோபரிலிருந்து விதி வந்தது. புல்வெட்டிகளில், தள்ளிக்கொண்டு போகும் வகைக்கு மட்டும் 1982 முதல் மத்திய அரசு விதி: கைப்பிடியை விட்ட மூன்று நொடிக்குள் பிளேடு நிற்க வேண்டும். உட்கார்ந்து ஓட்டும் வகை அந்த விதிக்குள் வரவில்லை. தொழில்துறை தானாக ஏற்றுக்கொண்ட தர அளவுகளில்தான் ஓடுகிறது. இப்போது வணிகப் பயன்பாட்டுக்கான பெரிய வண்டிகளில் ரோல் பார் பெரும்பாலும் சேர்ந்தே வருகிறது.

உங்கள் வண்டியின் மாடல் எண்ணைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள். அதற்கென்று சோதித்த ரோல் பார் பாகம் கிடைக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன்.

வியாசர்பாடி வழக்கறிஞர்

பெரம்பூர்த் தம்பி சொன்னது பயனுள்ளது. எதிர்த்தரப்பு எப்படிப் பேசும் என்று இப்போதே தெரிகிறது. சுவிட்ச் பற்றிய உங்கள் கேள்வியை, ஐயா, நீங்கள் இங்கே எழுதிய சொற்களிலேயே புகாரில் வைக்கிறேன். சனிக்கிழமை மாலை வாருங்கள். தம்பியால் வர முடியாவிட்டால் நான் அவர் வீட்டுக்கு வருகிறேன். அவர் வாயால் கேட்க வேண்டும்.

மாத்தூர் தோட்டக்காரன்

சனிக்கிழமை போனோம். தம்பி ஊன்றுகோலோடு தானே வந்தான். வழக்கறிஞர் ஐயா கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னான். "ரோல் பார் என்று ஒன்று இருப்பது உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டபோது என்னைப் பார்த்தான். தெரியாது என்றான். கொட்டேஷனை அவன் கையில் கொடுத்தேன். ஏழாவது வரியை விரலால் தடவிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான். அடித்தது நான் என்று அப்போதுதான் அவனிடம் சொன்னேன். "தெரியும் அண்ணா, உங்கள் பேனா மை" என்றான். வேறு எதுவும் சொல்லவில்லை.

இழப்பீட்டுக் கணக்கு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். மூன்று தவணை. டீலருக்கும் இறக்குமதி செய்தவருக்கும் நோட்டீஸ் திங்கட்கிழமை போகிறது.

நேற்று மெக்கானிக் ஐயா சொன்னபடி பலகையும் ரசமட்டமும் எடுத்துக்கொண்டு அந்தக் குளக்கரைக்குப் போனேன். மூன்று இடத்தில் அளந்தேன். 38, 41, 40 சென்டிமீட்டர். காவலாளியைச் சாட்சியாக வைத்துப் படம் எடுத்திருக்கிறேன். கரையில் இனிப் பிரஷ் கட்டர்தான், வண்டி ஏறாது என்று வளாக மேலாளரிடம் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். இரண்டு நாள் கூடுதலாகும் என்றேன். சரி என்றார்.